கொரில்லாவுக்கு எத்தனை மார்க்?

கேள்வி: விமர்சகர்கள் கழுவி ஊற்றிய பழைய வீடியோ கேம் ஒன்றை ராத்திரி கண்விழித்து ஆடுகிறேன். என் ரசனையில் கோளாறா?

பதில்: அப்படியென்றால் எனக்கும் அதே கோளாறுதான். 'ரெசிடென்ட் ஈவில்' புகழ் ஷின்ஜி மிகாமி 2006-ல் ப்ளேஸ்டேஷன் 2-க்காக இயக்கிய 'காட் ஹேண்ட்' என் வியாதி. கேம் விமர்சனத் தளமான ஐஜிஎன் இதற்குப் போட்ட மார்க், 10-க்கு 3! குறை சொன்னதில் நியாயம் உண்டு. கட்டடங்கள் அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். கேமரா நாயகனின் முதுகை விட்டு நகராது. மற்ற கேம்களில் கேமராவைத் திருப்புகிற வலது ஸ்டிக், இதில் அடிக்குத் தப்ப மட்டும். தடுக்க பட்டனே கிடையாது.

ஆனால் அந்தக் குசும்பு! நீங்கள் நன்றாகச் சண்டை போட்டால் எதிரிகள் இன்னும் முரடாவார்கள். உச்ச நிலையின் பெயரே 'டை', அதாவது செத்துப்போ. அடி வாங்கினால் கொஞ்சம் இரங்குவார்கள். ஒழுங்காக வேலை பார்ப்பவன் தலையிலேயே மேலும் ஃபைலைக் கட்டும் மேனேஜர் ரகம். நடுவே மல்யுத்த உடுப்பில் ஒரு கொரில்லா. களைத்தால் சூதாட்ட விடுதியில் சிவாவா நாய்ப் பந்தயம் (நான் கட்டிய நாய் ஜெயித்ததே இல்லை).

விமர்சகருக்கு மறுநாளே கட்டுரை தரவேண்டிய அவசரம்; உங்களுக்கென்ன? ஆடுங்கள். வீட்டில் தூங்குகிறவர்களுக்காகச் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.