மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவது எப்படி?

இணையக் கடையின் வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர் பெருந்தகைக்கு,

வெள்ளவத்தையிலிருந்து தங்கள் 'பெறுமதிமிக்க வாடிக்கையாளர்' எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. நாளுக்கு நான்கு தள்ளுபடி அறிவித்தல் வருகிறது, அதிலேயே தெரிகிறது.

நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு, கொட்டாஞ்சேனையில் ஒரு கூரியர் காரியாலயத்தில், மணல் நிரப்பிய வாளியோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"உள்ளுக்கு என்ன அக்கா?"

"ஃபான், தம்பி."

"ஃபான் ஏன் மணலுக்குள்ள?"

"பற்றரி ஊதிப் போச்சு. நெருப்புப் பிடிக்கலாமாம், வெடிக்கலாமாம். திருப்பி அனுப்பச் சொல்லிக் கடைக்காரர் மெசேஜ் போட்டிருக்கினம்."

தம்பி கதிரையோடு பின்னுக்குப் போனார். லண்டனுக்கு மிளகாய்த்தூள் அனுப்ப நின்ற அம்மா பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். செக்கியூரிட்டி ஐயா வந்து, மிகுந்த மரியாதையோடு, என்னைத் தொடாமல் வெளியே அழைத்துப் போனார். பழுதான பற்றரி எடுக்க மாட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாளிக்கு நானே பக்கத்தில் போக மாட்டேன்.

கொழும்பில் பொதியோடு நிற்கும் தமிழரைச் சுற்றி இடம் காலியாவது எனக்குப் புதிதில்லை, ஐயா. தொண்ணூறுகளில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் "பைக்குள் என்ன?" என்று கேட்டார்கள். "சீனியும் பருப்பும்" என்று உண்மையைச் சொன்னோம். ஒருவரும் நம்பவில்லை. நேற்றுத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக "இது வெடிக்கலாம்" என்று நானே வாய் திறந்து சொன்னேன். உடனே நம்பிவிட்டார்கள்.

வீடு திரும்ப மூன்று ஓட்டோக்காரர் மறுத்தார்கள். நான்காமவர் இரட்டைக் கூலிக்குச் சம்மதித்தார், வாளி என் மடியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

விடயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அந்த ஃபானுக்குப் பெயர் மாப்பிள்ளை. வைத்தது அம்மா. ஊர் பேர் தெரியாது, புறோக்கர் சொல்லை நம்பி எடுத்தது, படத்தில் இருந்த நிறம் நேரில் இல்லை, வந்த நாள் தொடக்கம் கரண்ட் குடிக்கிறார், வேலை குறைவு, சத்தம் அதிகம். வேறென்ன பெயர் வைப்பது?

மாப்பிள்ளை எடுத்த காரணம் ஒரு குரங்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் முட்டியதால் முழு இலங்கையும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த ஞாபகம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. "இனி எனக்குக் குரங்கை நம்பி இருக்கேலாது" என்றார். அன்றிரவே தங்கள் செயலியில் சார்ஜ் ஃபான் ஒன்றைத் தெரிவு செய்தேன். 4.8 நட்சத்திரம். எங்கள் சாதகத்தில்கூட அவ்வளவு நட்சத்திரப் பொருத்தம் ஒருவருக்கும் வந்ததில்லை.

ஆறு நாளில் ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில், இரு முழங்கால்களுக்கும் நடுவே மாப்பிள்ளையை இருத்திக் கொண்டுவந்தான். சீதனம் வாசலிலேயே, காசாக. பொடியன் இரண்டு தரம் எண்ணினான்.

பெட்டியைத் திறந்தால் மாப்பிள்ளைக்கு உருண்டைக் கால் இரண்டு. இந்த நாட்டுக்கு 13 அம்பியர் சதுரக் கால் ப்ளக் ஒன்றே நியமம் என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2016இல் முடிவெடுத்தது. மற்ற ப்ளக்குகளின் இறக்குமதியை 2017இலும் விற்பனையை 2018இலும் நிறுத்தியாயிற்று. அதெல்லாம் மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லைப் போலும். எல்லா வீடுகளிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஒரு போல் பொயின்ற் பேனையை எடுத்து எர்த் துவாரத்தில் குத்தி, உள்ளே இருக்கும் பூட்டைத் திறந்து, உருண்டைக் காலைச் சதுரத் துவாரத்துக்குள் திணித்தோம். குழந்தைகள் விரலோ கம்பியோ விடாமல் காக்க வைத்த பூட்டு அது. அதைப் பேனையால் திறப்பது இந்த நாட்டில் எழுத்தறிவு வீதத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய திறமை.

மே மாதம் மாப்பிள்ளைக்கு வயிறு வைத்தது. அடித்தட்டு மெல்ல மெல்ல உப்பி, மேசையில் நேராக நிற்க முடியாமல் ஆடத் தொடங்கினார். "நல்ல சாப்பாடு, வேலை வெட்டி இல்லை, வயிறு வைக்கும்தானே" என்றார் அம்மா. லிதியம் பற்றரிக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறினால்தான் அப்படி ஊதும் என்பதும், அதற்குப் பிறகு சார்ஜ் போடுவது நெருப்போடு விளையாட்டு என்பதும் எங்களுக்குத் தெரியாது. தங்கள் பெட்டியில் இருந்த கையேடு முழுக்கச் சீனமொழி. மாப்பிள்ளை வீட்டாரின் பாஷை.

ஜூன் மாதம் ஒரு இரவு, இரண்டு மணி இருக்கும், இனிப்பும் பெற்றோலும் கலந்தது போல ஒரு மணம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் மாப்பிள்ளை புகை விட்டுக்கொண்டிருந்தார். கீழே பாயில் தங்கச்சியின் மகள். நான்கு வயது. பழைய சாக்கை எடுத்து மாப்பிள்ளையைப் பொத்திப் பிடித்து, பல்கனிக்கு ஓடி, ஒரு வாளிக்குள் போட்டு, கீழே இறங்கிப் பக்கத்துத் தொடர்மாடி கட்டுகிறவர்கள் குவித்திருந்த மணலை அள்ளிவந்து கொட்டினேன். உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. பத்து நிமிடம் பிந்தி எழுந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன், ஐயா. தங்கள் பெயரை முழுதாகப் போட்டு, மரண அறிவித்தல் பக்கத்தில்.

மன்னிக்க வேண்டும். மகிழ்ச்சிப் பிரிவுக்கு எழுதும்போது இப்படியெல்லாம் எழுதக்கூடாது.

அன்றிரவே தங்கள் அரட்டைப் பெட்டிக்கு எழுதினேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். இந்தப் பதில் உதவியாக இருந்ததா?" என்று கேட்டது. இரண்டு மாதம் கழித்துப் போன கிழமை திரும்பப் பெறும் அறிவித்தல் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில். "உடனடியாகப் பாவனையை நிறுத்தவும். அசல் பெட்டியில், அசல் உறைகளுடன், தொடர் இலக்கம் தெளிவாகத் தெரியும் புகைப்படத்துடன், ஏழு நாட்களுக்குள் கொட்டாஞ்சேனைக் கூரியர் நிலையத்தின் மூலம் அனுப்பவும். கூரியர் கட்டணம் வாடிக்கையாளருடையது."

'புத்தாண்டு அதிரடி' தமிழில் வந்தது. 'ஆடி அள்ளுபடி' தமிழில் வந்தது. "உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது தீப்பிடிக்கும்" என்பதை மட்டும், தமிழைத் தவிர வேறொன்றும் வாசிக்கத் தெரியாத எழுபத்தெட்டு வயது மனுசிக்குத் தமிழில் சொல்லத் தங்களிடம் ஆளில்லை.

தொடர் இலக்கம் மாப்பிள்ளையின் அடிவயிற்றில் இருந்தது. அது உருகிவிட்டது. அசல் பெட்டியில் தங்கச்சியின் மகள் பொம்மை வீடு கட்டி, அதுவும் இடிந்து, மாநகர சபை வண்டியில் போய்விட்டது. ஆறு மாதம் குடும்பம் நடத்திய மாப்பிள்ளையைக் கலியாணத்தன்று உடுத்த பட்டுவேட்டி சால்வையோடு திருப்பி அனுப்பு என்றால் எந்தப் பெண் வீட்டாரால் முடியும்?

2016இல் சாம்சுங் நிறுவனத்தின் கலக்ஸி நோட் 7 தொலைபேசிகள் தீப்பிடித்தபோது முதல் சுற்றிலேயே 25 இலட்சம் அளவில் திரும்பப் பெற அறிவித்தார்கள். பிறகு வாடிக்கையாளருக்கு வெப்பம் தாங்கும் பெட்டியும், ஒரு சோடிக் கையுறையும் அனுப்பி, விமானத்தில் ஏற்றாமல் தரைவழியே கொண்டுபோனார்கள். அவர்கள் கையுறை அனுப்பினார்கள். தாங்கள் நிபந்தனை அனுப்பினீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து தங்களுக்கு அழைத்தேன். பேசிய பிள்ளை மிக இனிமையாகச் சொன்னார்: "நாங்கள் விற்கவில்லை மேடம். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கிறோம்." அப்போதுதான் விளங்கியது. தாங்கள் கலியாணப் புறோக்கர்.

புறோக்கர்மாரைப் பற்றி நானும் கொஞ்சம் விசாரித்தேன். 2022இல் இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தர நியமம் இல்லாத பிரஷர் குக்கர்களுக்காக அமேசானுக்கு ஓர் இலட்சம் ரூபாய் தண்டம் போட்டு, விற்ற 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்கு அறிவித்து, அவற்றைத் திரும்ப எடுத்து, காசைக் கொடு என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு ஃப்ளிப்காட்டுக்கும் 598 குக்கருக்கு அதே உத்தரவு. "நாங்கள் இடைத்தரகர்தானே" என்ற கதையை ஆணையம் எடுபடவிடவில்லை. அந்தக் குக்கர்களில் அமேசானுக்குக் கிடைத்த தரகு 6,14,825 ரூபாய் 41 பைசா என்று கணக்குக் காட்டியது. நாற்பத்தொரு பைசா வரை எண்ணி வாங்கத் தெரிந்த புறோக்கருக்கு, குக்கர் வெடித்தால் காது கேட்காதா?

அமெரிக்காவில் 2024 ஜூலையில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு இன்னும் ஒரு படி போனது. மூன்றாம் ஆட்களின் சரக்கைத் தன் களஞ்சியத்தில் வைத்து, தானே பொதி செய்து, தானே வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் அமேசான் சட்டப்படி 'விநியோகஸ்தர்' என்று தீர்த்தது. நச்சுவாயு வந்தாலும் அலறாத காபன் மொனொக்சைட் கருவி, ஷொக் அடித்தால் காக்காத தலைமயிர் உலர்த்தி, எளிதில் தீப்பிடிக்கும் பிள்ளைகளின் இரவு உடுப்பு என்று நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள். அமேசான் அதை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கிறது. எந்தப் புறோக்கர்தான் சும்மா இருப்பார்? ஆனால் அந்த ஆணைக்குழு சொன்னதை எங்கள் ஒழுங்கையில் உள்ள எந்த ஆச்சியும் சொல்லுவார்: மாப்பிள்ளையைத் தன் வீட்டில் இருத்தி, தன் காரில் ஏற்றி, தாலி கட்டும் வரை பக்கத்தில் நின்று, சீதனத்தையும் தன் கையால் எண்ணி வாங்கினவன் "நான் சும்மா அறிமுகம்தான் செய்தேன்" என்று சொல்லக்கூடாது.

இங்கே சட்டம் இல்லையென்று சொல்ல மாட்டேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அந்த ஆண்டில் தாங்கள் பிறக்கவில்லை, எங்கள் கையில் செயலியும் இல்லை. அதன்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். மாப்பிள்ளை வந்தது பெப்ரவரி. மூன்று மாதம் முடிந்தது மே. மே மாதத்தில் அவருக்கு வயிறு மட்டும்தான் வைத்திருந்தது. சட்டம் போனபின் புகைத்தார், அவர் வந்து ஐந்தரை மாதம் கழித்துத் தாங்கள் எழுதினீர்கள். இவ்வளவு பொருத்தமாக முகூர்த்தம் பார்க்கும் சோதிடர் யார் என்று சொன்னால் நானும் போய்ப் பார்ப்பேன்.

இந்த நாட்டுச் சனத்துக்கு ஆபத்தான சாமானோடு குடும்பம் நடத்தத் தெரியும் என்ற தங்கள் நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது. 2021 நவம்பர், டிசம்பரில் வீட்டுக்கு வீடு காஸ் அடுப்புகள் வெடித்தன. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தலைமையில் குழு வைத்து, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதத்தை மாற்றியதுதான் முக்கிய காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை நாங்கள் என்ன செய்தோம்? ரெகுலேற்றரில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தபடி தேத்தண்ணி வைத்தோம். குசினிக் கதவைத் திறந்து வைத்து, பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டுச் சோறு சமைத்தோம். கலவையை மாற்றியவர்கள் நுரை பூசவில்லை. நாங்கள்தான் பூசினோம். எப்போதும் நாங்கள்தான் பூசுகிறோம். விற்பது அவர்கள், வெடிப்பது எங்கள் வீடு, பரிசோதனை செய்வதும் நாங்களே, பெட்டி கட்டுவதும் நாங்களே, கூரியர் காசும் நாங்களே. வாளியை மடியில் வைத்துக்கொண்டு காலி வீதியில் வருவதும் நாங்கள். உங்களுக்கு வெட்கமே இல்லையா?

தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்கிவிட்டேன். பணிவான தொனிக்குத் திரும்புகிறேன்.

தாங்கள் கைவிரித்துவிடவில்லை என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். நட்டஈடாக ஒரு கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள். தங்கள் கடையில் மட்டும், மூன்று நாளுக்குள் செல்லும். அதை அழுத்தினேன். "உங்களுக்காகவே தெரிவு செய்தவை" என்று ஒரு பக்கம் திறந்தது. முதலாவதாக ஒரு சார்ஜ் ஃபான். வேறு பெயர், வேறு நிறம், அதே உருண்டைக் கால், அதே அடித்தட்டு, 4.9 நட்சத்திரம். மாப்பிள்ளையின் தம்பி. மூத்தவன் சரிவரவில்லையா, இளையவனைத் தருகிறோம் என்ற தங்கள் பெருந்தன்மை அம்மாவைக் கண்கலங்க வைத்தது. புகையாலும் இருக்கலாம்.

ஆகவே, தங்கள் சமூகத்துக்கு என் தாழ்மையான விண்ணப்பம் இதுதான்.

சீதனம் வாங்க வாசலுக்கு வந்தீர்கள். மாப்பிள்ளையை எடுக்கவும் அதே வாசலுக்கு வரவும். இரண்டாம் மாடி, லிஃப்ட் வேலை செய்வதில்லை. மோட்டார் சைக்கிளில் அந்தப் பொடியனை மட்டும் அனுப்ப வேண்டாம். முழங்காலுக்கு நடுவே இதை வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை வரை ஓட அவனும் ஒரு தாயின் பிள்ளை. தகுந்த பெட்டியோடு, கையுறையோடு, விடயம் தெரிந்த ஆளை அனுப்பவும். இதே ஃபானை வாங்கிய மற்ற வீடுகளின் விலாசம் தங்களிடம் இருக்கிறது. தள்ளுபடி சொல்லத் தேடிப் போகும் அதே விலாசங்கள். அவர்களுக்கும் சொல்லவும், அவரவர் பாஷையில். கூப்பன் வேண்டாம், காசாகத் தரவும். நான் இரண்டு தரம் எண்ணுவேன்.

அதுவரை மாப்பிள்ளை பல்கனியில் இருக்கிறார். மழை வந்தால் அம்மா ஓடிப்போய் ஒரு ஓலைத்தொப்பி கவிழ்த்துவிடுகிறார்.

வருகிறவர் மணலைக் கொட்டிவிட்டு வாளியைத் தந்துவிட்டுப் போகட்டும். அது அம்மாவின் குளிக்கிற வாளி. இரண்டு மாதமாக அவர் சட்டியால் அள்ளிக் குளிக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் பெறுமதிமிக்க வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை.