அடுக்ககத்தில் படகு வளர்த்தல்: ஓர் ஐந்திணை ஆய்வு

1. முன்னுரை

தமிழில் ஆய்வு செய்யப்படாத பொருள் என்று இன்று எதுவும் மிச்சமில்லை. யானை, பூ, பானை, பல்லி எனச் சங்க இலக்கியத்தில் தலைகாட்டிய அனைத்தும் யாருக்கேனும் முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டன. ஆனால் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒருவர் ஆசைப்பட்டு ஒரு படகை வாங்கிவிட்டால் அதை எங்கே வைப்பார் என்ற வினா மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதை எடுத்துப் பேச வேறு யாரும் முன்வராததால் இக்கட்டுரை முன்வருகிறது.

ஆய்வின் எல்லை சென்னை அடுக்ககங்கள். ஆய்வுப் பொருள் இரண்டு: ஓரிருவர் அமர்ந்து துடுப்புப் போடும் கயாக்; ஒரு பாய், ஒரு சுக்கான், ஓரளவு துணிச்சல் ஆகியவற்றால் இயங்கும் சிறு பாய்மரப் படகு. சொந்தமாகக் கப்பல் வைத்திருப்போர் இடப் பிரச்சினையை வேறு வகையில் தீர்த்துக்கொள்வர் என்பதால் விலக்கப்பட்டுள்ளனர்.

2. கருதுகோள்

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஞாயிறு தவறாமல் 2 மணி நேரம் படகு விடும் உத்தமர் ஒருவரைக் கற்பனை செய்வோம். மழை, கல்யாணம், காதுகுத்து, கிரிக்கெட் இறுதிப் போட்டி எதுவும் அவரைத் தடுப்பதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அவருடைய படகுகூட ஆண்டுக்கு 104 மணி நேரம்தான் நனையும். இது நூற்றில் 1.2 பங்கு. மிச்சம் 98.8 பங்கும் அது வீட்டில் கிடக்கும்.

எனவே படகு என்பது எப்போதாவது தண்ணீருக்குப் போய்வரும் ஒரு வீட்டுச் சாமான். பீரோ வாங்குபவர் சுவரை அளந்துவிட்டுக் கடைக்குப் போகிறார்; படகு வாங்குபவரோ கடலைப் பார்த்துவிட்டுப் போகிறார். படகின் நீள அகலங்களைத் தீர்மானிக்க வேண்டியது கரையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

3. முன்னாய்வுகள்

இக்கருத்தை முதலில் உணர்ந்தவர்கள் கிரீன்லாந்தின் இனூயிட் மக்கள். அவர்களுடைய கயாக், மரச் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்தது. படகின் அளவு உடையவரின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டது. நீளம் அவர் இரு கைகளையும் விரித்தால் வரும் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. உறைபனிக் கடலைச் சமாளித்தவர்களுக்குக் கரையில் ஒரு சிக்கல் காத்திருந்தது. பசித்த பனிச்சறுக்கு நாய்களுக்குத் தோல் படகு நல்ல விருந்து. ஆகவே கல்லால் தாங்கிகள் கட்டி, நாய்க்கு எட்டாத உயரத்தில் படகைத் தூக்கி வைத்தார்கள். படகு இருப்பியலின் முதல் விதி இங்கே பிறக்கிறது: நங்கூரம் போட்ட பிறகுதான் ஆபத்து ஆரம்பம்.

சோழமண்டலக் கரையில் இதே சிக்கலுக்கு நேரெதிரான விடை கிடைத்தது. கட்டுமரக்காரர்கள் கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலரப் போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனக்கும், மிதப்புக் குறையும் என்பது காரணம். படகாக இருந்தது மாலையில் வெறும் மரமாகிவிடுகிறது. படகே இல்லாதபோது அதை எங்கே வைப்பது என்ற கேள்வியும் இல்லை. ஃபைபர் படகுகள் வந்த பிறகு இந்தத் தத்துவ மேன்மை நமக்குக் கைநழுவிப் போயிற்று.

ஜெர்மனியில் இதைத் துணி கொண்டு செய்தார்கள். ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் என்ற மாணவர் 1905இல் மடக்குக் கயாக் ஒன்றை வடிவமைத்தார். ரோசன்ஹைம் ஊரின் தையற்காரர் யோஹான் கிளெப்பர் 1907இல் அதன் உரிமையை வாங்கித் தொழிலாக்கினார். மரச் சட்டங்களையும் துணியையும் பைகளில் கட்டி ரயிலேற்றி, ஆற்றங்கரையில் பூட்டிக்கொள்ளலாம். பையில் அடங்கும் படகு கடலில் அடங்கிப் போகும் என்று எண்ண வேண்டாம். 1956இல் ஹன்னஸ் லிண்டெமான் என்ற மருத்துவர் கிளெப்பர் மடக்குப் படகில் தனியாளாக அட்லாண்டிக்கை 72 நாளில் கடந்தார்.

பாய்மரப் படகுகளின் வரலாறும் நம் பக்கமே சாய்கிறது. உலகெங்கும் சிறுவர்கள் பழகும் ஆப்டிமிஸ்ட் படகை 1947இல் ஃபுளோரிடாவில் வடிவமைத்தவர் கிளார்க் மில்ஸ். கடையில் கிடைத்த பிளைவுட் பலகையின் நீளம் 8 அடி. அதற்குள் படகு முடிய வேண்டும். எனவே கூர்மையான முன்மூக்கை வெட்டிவிட்டு முன்பக்கத்தைத் தட்டையாக்கினார். அலைக்குத் தோன்றாத யோசனை ஆசாரிக்குத் தோன்றியது. 1963இல் இங்கிலாந்தில் அறிமுகமான மிரர் படகும் முன்மூக்கு தட்டையானதே. பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, பசை பூசி, வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிவிடலாம். அதன் பாய்க்கம்பங்களைக் கழற்றினால் அத்தனையும் 3.3 மீட்டர் படகுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். 70,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டதில் வியப்பில்லை.

கனடாவின் புரூஸ் கிர்பி 1969இல் தொலைபேசியில் பேசிக்கொண்டே கிறுக்கிய படம்தான் பின்னாளில் லேசர் ஆனது. எதிர்முனையில் இருந்தவர் கேட்டது, கார் கூரையில் ஏற்றக்கூடிய படகு. 4.2 மீட்டர் நீளம், வெறும் உடல் 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பாய்மரம் இரண்டு துண்டு. கார் கூரைக்காகப் பிறந்த இது 1996இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் செலுத்தியதும் இதன் சிறுபாய் வகையைத்தான்.

பலகை, ரயில் பெட்டி, கார் கூரை, நாய். நல்ல சிறு படகுகளைக் கரை செதுக்கியிருக்கிறது என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டியதில்லை.

4. 2.83 என்னும் மாறிலி

இனி நம் அடுக்ககத்துக்கு வருவோம். 8 பேர் ஏறும் வழக்கமான லிஃப்டின் உள்ளளவு 1.1 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம். உயரம் 2.2 மீட்டர் என்று கொள்வோம். தரையின் ஒரு மூலையிலிருந்து கூரையின் எதிர்மூலைக்கு ஒரு கம்பியைச் சாய்த்தால் அதன் நீளம், பிதாகரஸ் கணக்குப்படி, 2.83 மீட்டர்.

லிஃப்ட் வேண்டாம், நடையில் தூக்கிப் போகலாம் என்பார் சிலர். 1 மீட்டர் அகல நடையில் செங்கோணத் திருப்பம் ஒன்று இருந்தால், கிடையாகப் பிடித்துத் திருப்பக்கூடிய கம்பியின் உச்ச நீளம் இரண்டின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்கு. அதுவும் 2.83 மீட்டர்! இரண்டு வழியிலும் ஒரே எண் வருவதைத் தற்செயல் என்று கணித அறிஞர்கள் சொல்லக்கூடும். அடுக்ககத்தில் குடியிருந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

இவை அகலமே இல்லாத கம்பிக்கான கணக்குகள். கயாக்குக்கு முக்கால் மீட்டர் அகலம் உண்டு. அகலமுள்ள பொருளைத் திருப்பத்தில் நகர்த்தும் சிக்கலை லியோ மோசர் 1966இல் ஒரு சோபாவை முன்னிட்டு எழுப்பினார். ஜினியோன் பேக் என்ற கொரியர் 2024இல்தான் அதற்கு நிரூபணம் வெளியிட்டார். கணிதம் அரை நூற்றாண்டுக்கு மேல் திணறிய இடத்தில் நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ச்மேனின் உதவியோடு முயல்கிறோம்.

கடையில் எளிதாகக் கிடைக்கும், மேலே அமர்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்கின் நீளம் சுமார் 3 மீட்டர். மாறிலியை அது ஒரு சாண் அளவில் மீறுகிறது. கட்டிலையும் பீரோவையும் வெளிச்சுவரோரம் கயிறு கட்டி பால்கனி வழியே ஏற்றும் நம் மரபு இங்கே கைகொடுக்கும். கீழ்த்தளத்துச் சன்னல் கண்ணாடிகள் முன்கூட்டியே மன்னிப்பு பெற்றிருக்க வேண்டும்.

5. ஐந்திணைப் பாகுபாடு

படகு வைக்கக்கூடிய இடங்கள் ஐந்து. தொல்காப்பியர் இதை முன்னமே உணர்ந்து நடுவண் திணைகளையும் ஐந்தாகவே வகுத்திருப்பது கவனிக்கத்தக்கது.

குறிஞ்சி என்பது வரவேற்பறை. உரிப்பொருள் புணர்தல். சிறுபொழுது யாமம். படகு வந்த புதிதில் தலைவன் நள்ளிரவில் எழுந்துபோய் விளக்கைப் போட்டு அதைத் தடவிப் பார்ப்பான். அறிவியல் நோக்கில் இதுவே உத்தமமான இடம். வெயில் இல்லை, மழை இல்லை. சுவரில் மெத்தை சுற்றிய இரண்டு தாங்கிகள் அடித்து, படகைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். தாங்கிகள் இரு முனைகளிலிருந்தும் கால் பங்கு தள்ளி அமைவது நன்று. 3 மீட்டர் படகுக்கு இடைவெளி ஒன்றரை மீட்டர். முனைக் கைப்பிடியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டால் நடுப்பகுதி நாளடைவில் தொய்ந்துவிடும். விருந்தினர் "இது எதுக்கு?" என்று கேட்பது இத்திணைக்குரிய பறையோசை.

முல்லை என்பது பால்கனி. உரிப்பொருள் இருத்தல். காற்றடைத்த ரப்பர் கயாக் தன் பையில் சுருண்டபடி மாலைதோறும் தலைவனுக்காகக் காத்திருக்கும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் அந்த இடத்தில் வெடிப்பு விடும். ஊதிய நிலையில் வெயிலில் விட்டுப் போனாலோ உள்ளே காற்று விரிந்து தையல் பிரியும்.

மருதம் என்பது கார் பார்க்கிங். உரிப்பொருள் ஊடல், ஊடுவது அசோசியேஷன். சிறுபொழுது வைகறை, அதாவது பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுக்க வரும் நேரம். பார்க்கிங் கட்டம் 5 மீட்டர். வரிச்சலுகைக்காக நம் நாட்டுச் சிறு கார்கள் 4 மீட்டருக்குள் நிற்கின்றன. எஞ்சிய 1 மீட்டரில் படகு நிற்காது. எனவே அகலமான நைலான் பட்டைகள் இரண்டில் கட்டி, கப்பி போட்டு, காருக்கு மேலே கூரையில் தொங்கவிடுவது ஒன்றே வழி. இங்கே ஒரு சட்டச் சிக்கல் எழுகிறது. ஒதுக்கீடு தரைக்கு மட்டுமா, தரைக்கு மேலுள்ள ஆகாயத்துக்குமா? பொதுக்குழுக் கூட்டம் வேறு எதையும் பேசாமல் கலைய இந்த ஒரு கேள்வி போதும்.

பாலை என்பது மொட்டை மாடி. உரிப்பொருள் பிரிதல், சிறுபொழுது நண்பகல். பெரும்பாலான படகுகள் இறுதியில் இங்குதான் வந்து சேர்கின்றன. பாலிஎத்திலீன் வெயிலில் இளகும். சமமில்லாத தளத்தில் கிடந்தால் அடிப்பகுதியில் கிண்ணம்போல் குழி விழும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வர யோசிக்கும். வெந்நீர் ஊற்றினால் பெரும்பாலும் நிமிரும். புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்கவைத்துப் பிளாஸ்டிக்கையே நொறுங்கச் செய்யும். எனவே கவிழ்த்து வைத்து, தார்ப்பாயை உடலோடு ஒட்டாமல் காற்றுப் போக விட்டுக் கட்ட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் நிரம்பும். தண்ணீரை வெளியே வைக்கவேண்டிய பொருள் அதை உள்ளே வைத்துக்கொள்வதைக் கண்டு டெங்கு கொசு மகிழும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் மகிழமாட்டார். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களையே பெயர்த்த ஊரில், கட்டாத படகு எந்த மாடியில் இறங்கும் என்று சொல்வதற்கில்லை. கவிழ்த்த படகின் முதுகில் பக்கத்து வீட்டு வடாம் காய்வது இத்திணையின் கருப்பொருள்.

நெய்தல் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பரின் தோட்ட வீடு. உரிப்பொருள் இரங்கல். படகு கடலருகே, தலைவன் வேளச்சேரியில். இடம் தாராளம், ஆனால் உப்புக் காற்று ஓயாது. அலுமினியப் பாய்மரமும் துருப்பிடிக்காத எஃகு ஆணியும் உப்பீரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். நல்ல தண்ணீரில் கழுவி, பாயை உலர்த்திச் சுருட்டி, வடிகால் அடைப்பைத் திறந்து வைக்க வேண்டும். அடுத்த முறை மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு பல்லி முட்டை, ஒரு குளவிக் கூடு, நண்பரின் மைத்துனருடைய செருப்பு ஆகியவை இருக்கும்.

6. மறுப்பும் விடையும்

வெள்ளம் வந்தால் உதவுமே என்பது படகுக்காரர்கள் வீட்டில் வைக்கும் வாதங்களில் வலுவானது. 2015 டிசம்பரில் மீனவர்கள் தங்கள் படகுகளை நகரத்துக்குக் கொண்டுவந்து பலரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அவர்கள் அன்றாடம் கடலில் பிழைப்பவர்கள். திறந்த வடிகால், மூழ்கிய மதில், அறுந்த மின்கம்பி ஆகியவற்றுக்கு இடையே பொழுதுபோக்குக் கயாக்கில் இறங்குவது மீட்புப் படையின் வேலையை ஒன்று கூட்டும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றினார்கள். வெள்ளத்துக்குச் சரியான படகு மேம்பாலமே என்பது அவர்கள் கண்ட முடிவு. இக்கட்டுரை அதை வழிமொழிகிறது.

7. முடிவும் பரிந்துரையும்

படகு வாங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது அளவு நாடா. சுவர், லிஃப்ட், நடைத் திருப்பம், கார் கூரை ஆகிய நான்கையும் அளந்து, இருப்பதில் சிறிய எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போகவும். நீளமான கயாக் நேராகவும் விரைவாகவும் போகும், அகலமானது எளிதில் கவிழாது என்று கடைக்காரர் சொல்வதெல்லாம் உண்மைதான், அது 1.2 பங்கு நேரத்துக்கான உண்மை. 3 மீட்டர் சுவரும் அதைத் தர மனமுள்ள வீட்டாரும் இருந்தால் பிளாஸ்டிக் கயாக். சுவர் இல்லை, லாஃப்டில் இடமுண்டு என்றால் மடக்குவது அல்லது ஊதுவது. பாய்மரம் பழக ஆசை என்றால் படகும் அதை வைக்க இடமும் உள்ள மன்றத்தில் உறுப்பினராவது மலிவு. எதுவானாலும் லைஃப் ஜாக்கெட்டை மட்டும் தள்ளிப்போடாமல் வாங்கவும். அது ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும்.

இவற்றில் எதுவும் பொருந்தாதவர்களுக்கு முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் படகு வாடகைக்குக் கிடைக்கிறது. சவாரி முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். படகு இருப்பியலில் இதுவரை கண்டறியப்பட்ட ஆகச் சிறந்த முறை இதுவே.