சிறுநீரகம் தவிர எல்லாம் தந்தவர்கள்

தகப்பனுக்காக எதையும் செய்யத் துணிந்த மகன்களைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் டயாலிசிஸ் பிரிவின் வாசலில் போய் நின்று ஏமாறக் கூடாது. அங்கே பெரும்பாலும் அம்மாக்களும் மகள்களும்தான் பிளாஸ்டிக் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். மகன்களைக் காண உகந்த இடம் குடும்ப வாட்ஸப் குழு. "அப்பாவுக்காக உசுரையே குடுப்பேன்" என்று நள்ளிரவிலும் அங்கே ஒரு குரல் ஒலிக்கும். உயிரையே கொடுக்கச் சித்தமாயிருப்பவரிடம் போய்க் கேவலம் ஒரு கிட்னியைக் கேட்பது மரியாதையா?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பெருமையைச் சொல்கிறேன். மூத்தவர் உள்ளூரில், இளையவர் நியூஜெர்சியில். நடுவில் ஒரு பெண், பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்குக் கிரியேட்டினின் ஏறி, கையில் ஃபிஸ்துலா போட்டு, வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ்.

முதலில் சொந்தபந்தங்களைப் பாராட்டியாக வேண்டும். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. இளநீர் வந்தது, வாழைப்பழம் வந்தது, சாத்துக்குடி பை பையாக வந்தது. சித்தப்பா ஒருவர் வாழைத்தண்டுச் சாறே பிழிந்து எடுத்து வந்தார். சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் எகிறினால் இதயம் நின்றுபோகலாம் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாலு மணி நேரம் இயந்திரம் வடிகட்டி எடுத்ததை அரை மணி நேரச் சந்திப்பில் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிற வல்லமை பாசத்துக்கு மட்டுமே உண்டு. அந்தப் பெண்ணோ காய்கறியைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக்கொட்டிவிட்டுச் சமைப்பாள். குடிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் அளந்து வைப்பாள். "பெத்த அப்பனுக்கு ஒரு வாய் தண்ணிகூடவா குடுக்க மாட்டே?" என்று அத்தை கேட்டதை நியாயமில்லை என்று சொல்லிவிட முடியுமா?

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று டாக்டர் சொன்னதும் மகன்களின் பெருந்தன்மை விசுவரூபம் எடுத்தது. 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் தானம் செய்த வரலாற்றை மூத்தவர் குழுவில் பகிர்ந்தார். கண்ணீர்ப் பொம்மைகள் குவிந்தன. "நாமளும் ட்ரான்ஸ்டான்ல பேரைப் பதிஞ்சிட்டுக் காத்திருப்போம், அவசரமே இல்ல" என்று தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தைக் கைகாட்டினார். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு விபத்து நேரும்வரை பொறுத்திருக்கிற அந்தப் பக்குவம் லேசில் வாய்க்காது.

மூத்தவரின் ரத்தம் ஓ பாசிட்டிவ். சிறுநீரகம் கொடுக்க எந்த ரத்த வகையினருக்கும் பொருந்துகிற வகை. தம் அபிமான நடிகரின் பிறந்தநாள்தோறும் ரத்ததானம் செய்து, கட்டைவிரலை உயர்த்திப் படம் போடுகிறவர். அன்றைக்கு மட்டும் அது அவருக்கே நினைவில் இல்லை. அடக்கம் என்பது இதுதான். இளையவர், லீவும் விசாவும் மட்டும் இடிக்காமல் இருந்தால் இரண்டையுமே கொடுத்திருப்பேன் என்று வீடியோவில் விம்மினார். இருவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் இரண்டு குழந்தைகள். அது அவள் வீட்டு விஷயமென்று யாரும் நாகரிகமாகத் தலையிடவில்லை.

மருத்துவர்களும் கண்ணியமானவர்களே. கொடையாளியாக வருகிறவரைத் தனியறையில் வைத்துப் பேசுவார்கள். மனமில்லை என்று சொன்னவரைக் குடும்பத்தாரிடம் காட்டிக்கொடுக்காமல், பொருந்தவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். மூத்தவர் பத்தே நிமிடத்தில், ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்கு முன்பே, பொருந்தாமல் வெளியே வந்தார். மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது.

உறுப்பு மாற்றுக்கான 2014-ஆம் ஆண்டு விதிகள் ஒரு காரியம் செய்திருக்கின்றன. கொடையாளி பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவளுடைய சுயமான சம்மதத்தை உறுப்பைப் பெறுகிறவர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்கின்றன. தேவையற்ற சந்தேகம்! உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்ற இந்திய நிலவரத்தைக் கண்டு மிரண்டு எழுதிவிட்டார்கள் போல. இந்த வீட்டில் அவளை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். பிறகு மாப்பிள்ளையிடம் முறைப்படி பேசிச் சம்மதம் வாங்கினார்கள்.

அறுவை சிகிச்சையன்று மூத்தவர் பட்ட பாடு இருக்கிறதே! பார்க்கிங்கில் இடம் பிடித்தார், வந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தார், டாக்டர் வெளியே வந்தபோதெல்லாம் முதல் ஆளாக எழுந்து நின்றார். அப்பா கண் விழித்ததும் கண்ணாடிக்கு வெளியே நின்று படமெடுத்து, "போராடி மீட்டோம்" என்று போட்டார். எண்ணூறு லைக். படத்தில் தங்கை இல்லை. வேறொரு தளத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவளை எப்படி அந்தப் படத்தில் சேர்ப்பது?

புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றில்தான் பொருத்துவார்கள். பழையவை இரண்டும், வேலை செய்யாவிட்டாலும், பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், யாரும் வெட்டி எடுப்பதில்லை. குடும்பமும் அந்த நெறியையே பின்பற்றியது. பழைய இருவரின் இடத்துக்கும் மரியாதைக்கும் ஒரு குறையும் நேரவில்லை. மகளைக் கனம் தூக்காமல் சில வாரம் ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டரின் பேச்சு மாமியார் வீட்டுச் சமையலறை வரை எட்டவில்லை. புதிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க ஆயுள் முழுக்க வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டுமல்லவா? காலையும் இரவும் போன் செய்து "போட்டீங்களாப்பா?" என்று கேட்கிற சில்லறை வேலையை அவளிடமே விட்டார்கள். 2023 முதல், உறுப்புதானம் செய்து மறைகிறவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறது தமிழக அரசு. இவள்தான் உயிரோடு எழுந்து வந்துவிட்டாளே.

முகம் தெளிந்து நடமாட ஆரம்பித்ததும் அப்பா செய்த முதல் காரியம், தாம் சம்பாதித்துக் கட்டிய வீட்டை மகன்கள் இருவர் பேருக்கும் தான செட்டில்மெண்ட் எழுதியது. "கடைசிக் காலத்துல பாத்துக்கப்போறவங்க பையனுங்கதானேம்மா" என்று மகளிடம் வாஞ்சையாகச் சொன்னார். சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. அதற்கும் அண்ணன் தங்கையைத்தான் கூப்பிட்டார். ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வரச் சொன்னார். ஆட்டோவுக்குக் காசும் அவரே கொடுத்தார்.