வயலுக்கு விடுதலை, கோப்பைக்குப் பூட்டு

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, இனி விவசாயிகள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுறவு முறையில் உழுவதே உத்தமம் என்று தீர்மானம் போட்டது. நேருவுக்குப் பரம சந்தோஷம். வரப்புத் தகராறு பார்த்த எவருக்கும் சந்தோஷமில்லை. அண்ணனும் தம்பியும் அரை அடி வரப்புக்காக ஹைகோர்ட்டு வரை போகிற தேசத்தில் ஊரே சேர்ந்து உழும் என்று நம்ப வேண்டுமானால், ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்திருக்க வேண்டும்.

கொதித்தெழுந்தவர்களில் ராஜாஜியும் ஒருவர். வயது 80. கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை மந்திரி, சென்னை முதல் மந்திரி என்று இருந்த நாற்காலிகளிலெல்லாம் உட்கார்ந்து எழுந்தாயிற்று. சக்கரவர்த்தித் திருமகன் எழுதி சாகித்ய அகாதமி பரிசும் வாங்கியாயிற்று. அந்த வயதில் மற்றவர்கள் காசிக்கு டிக்கெட் எடுப்பார்கள். இவர் ஜூன் மாதம் சென்னையில் கட்சி தொடங்கினார். பெயர், சுதந்திராக் கட்சி. சின்னம், நட்சத்திரம்.

கூட வந்து நின்றவர் பம்பாய்ப் பார்சிக்காரர் மினு மசானி. இவர் கதை தனி. 1934ல் ஜெயப்பிரகாஷ் நாராயணோடு சேர்ந்து காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ரஷ்யாவுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டாலின் தன் சொந்தத் தோழர்களையே வரிசையாகக் காலி செய்த அழகைப் பார்த்ததும் பித்தம் தெளிந்தது. பிறகு டாட்டா கம்பெனியில் வேலை. 1959 வாக்கில் சர்க்கார் என்ற சொல்லைக் கேட்டாலே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற பக்குவத்துக்கு வந்திருந்தார். மனிதனை அவன் பாட்டுக்கு விடு, பண்ணுகிற தொழிலைப் பண்ணட்டும், விற்கிறதை விற்கட்டும் என்பதுதான் அவர் வேதம்.

ராஜாஜியின் வேதம் நிஜமாகவே வேதம். சர்க்கார் எஜமானனாக இருக்கக் கூடாது என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் ஏன் கூடாது? அந்த இடத்தில் தர்மம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அதனால். மசானிக்கோ அந்த நாற்காலி காலியாகவே கிடக்கலாம், யாரும் உட்கார வேண்டியதில்லை. இரண்டு பேரும் நேருவைப் பார்த்து உட்கார்ந்திருந்த வரையில் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தால்தானே வம்பு.

கட்சித் தலைவராக என். ஜி. ரங்காவைப் போட்டார்கள். ஆந்திரத்தில் ஜமீன்தார்களுக்கு எதிராக விவசாயிகளைத் திரட்டிப் பேர் வாங்கியவர் அவர். இப்போது பக்கத்து நாற்காலியில் ஜமீன்தார். ராஜாக்களுக்குக் கேட்கவே வேண்டாம், வரிசை கட்டி வந்தார்கள். பீகாரில் ராம்கட் ராஜா தன் சொந்தக் கட்சியையே கொண்டுவந்து இதில் கரைத்தார், குடும்பத்தையும் சேர்த்து. அவருடைய தேர்தல் பிரசாரம் ஹெலிகாப்டரில். வறண்ட கிராமத்தின் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றினால் ஓட்டு விழாமல் என்ன செய்யும்? ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962 தேர்தலில் 1,92,909 ஓட்டு வாங்கி ஜெயித்து உலக சாதனைப் புத்தகத்தில் ஏறினார். சக்கரவர்த்தித் திருமகன் எழுதியவருடைய கட்சியில் அசல் சக்கரவர்த்தித் திருமகன்களுக்குப் பஞ்சமே இல்லை. இது ஜமீனும் கோட்டையுமாக இருந்த காலத்துக் கட்சி என்று நேரு நையாண்டி செய்தார்.

இத்தனைக்கும் நடுவில் வி. பி. மேனனும் இருந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. பட்டேலின் வலக்கையாக, சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய் மகாராஜாக்களிடம் கையெழுத்து வாங்கி ராஜ்ஜியத்தைச் சுருட்டியவர் அவர்தான். எடுத்துக்கொண்டவரும் கொடுத்துவிட்டு நின்றவர்களும் இப்போது ஒரே கட்சி. எதிரிக்கு எதிரி நண்பன் என்பதற்கு இதைவிடப் பெரிய கூட்டத்தை இந்தியா அதற்கு முன் பார்த்திருக்காது.

சண்டை வராமல் இருக்க ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். கட்சியின் அடிப்படைக் கொள்கைகள் 21. அவற்றில் அடங்காத விஷயங்களில் அவரவர் இஷ்டம்போல் பேசலாம் என்பதையும் கொள்கையாகவே எழுதிவைத்தார்கள். உலகத்திலேயே கட்டுப்பாடு குறைந்த கட்சி நாங்கள்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்ள இது உதவியது. மதுவிலக்கு என்று ஒரு சங்கதி இருக்கிறதே, அதைப் பேசாமல் இருக்கவும் உதவியது.

மதுவிலக்கு ராஜாஜிக்குக் கொள்கை அல்ல, பிராணன். 1929லேயே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்று கள்ளுக்கு எதிராக ஒரு பத்திரிகை நடத்தியவர். உதவிக்கு இருந்தவர் கல்கி. சிவகாமியும் வந்தியத்தேவனும் பிறப்பதற்கு முன்னால் அந்தப் பேனா கள்ளுக்கடையோடுதான் மல்லுக்கட்டியது. 1937ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் முதல் காரியமாக சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளுக்குப் பூட்டுப் போட்டார். கஜானாவில் ஓட்டை விழுந்தது. அடைப்பதற்கு 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார். குடிக்கிறவன் கொடுத்துக்கொண்டிருந்ததைக் குடிக்காதவனும் கொடுக்கும்படி ஆயிற்று. நடுவில் பள்ளிக்கூடங்களில் கட்டாய இந்தி, எதிர்த்தவர்களுக்கு ஜெயில். எல்லாம் சர்க்கார் கையால்தான் நடந்தது. தனிமனித சுதந்திரத்துக்குக் கட்சி கண்டவருடைய ஜாதகத்தில் இத்தனை கட்டங்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், எதிர்க் கணக்கும் இருக்கிறது. 1952ல் மறுபடி பதவிக்கு வந்ததும் ரேஷனை ஒரே போடாகத் தூக்கி எறிந்தார். அரிசி ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை, கடைக்கு வந்தது. மறு வருஷமே பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம் போய்விட்டு மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் போட்டார். அதிலேயே பதவி போயிற்று. அரிசி எங்கே வேண்டுமானாலும் போகலாம், குயவன் மகன் மட்டும் சக்கரத்தை விட்டு நகரக் கூடாதா என்று பெரியார் கட்சிக்காரர்கள் கேட்டதற்கு சந்தையிலும் பதில் இல்லை, சாஸ்திரத்திலும் பதில் இல்லை.

‘பெர்மிட்-லைசன்ஸ்-கோட்டா ராஜ்ஜியம்’ என்று அன்றைய ஆட்சிக்குப் பேர் வைத்தவர் ராஜாஜிதான். அந்தப் பேர் அவரையும் தாண்டி நிலைத்துவிட்டது. சிமெண்டுக்கு பெர்மிட், இரும்புக்குக் கோட்டா, ஆலைக்கு லைசன்ஸ் என்று அவர் வாராவாரம் ஸ்வராஜ்யாவில் வெளுத்துக் கட்ட, பம்பாய் முதலாளிகள் படித்துப் படித்துப் பூரித்துப் போனார்கள். அதே பம்பாயில் அப்போது இன்னொரு பெர்மிட்டும் இருந்தது. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒரு பெக் குடிக்க சர்க்கார் அனுமதிக்கும். பெரிய வீட்டு நெஞ்சுவலிக்கெல்லாம் விஸ்கியே மருந்தாக இருந்த காலம். பெர்மிட்டே கூடாது என்ற தலைவரிடம் இதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த பெர்மிட்டும் கூடாது என்பார். ஆகவே கேட்கவில்லை.

1962ல் லோக்சபாவில் 18 இடம். 1967ல் 44, பிரதான எதிர்க்கட்சியே இவர்கள்தான். சென்னையில் ராஜாஜி அண்ணாதுரையோடு கூட்டு வைத்தார். 1938ல் இவர் கொண்டுவந்த இந்தியை எதிர்த்து வளர்ந்த பிள்ளைகளோடு, அதே இந்தியை எதிர்த்து, ஒரே மேடையில். பிராமணர்கள் ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனில் குத்தலாம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். சூரியன் கொடுத்த வாக்குறுதி என்ன? ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். அரிசி விலையை மார்க்கெட் தீர்மானிக்கட்டும் என்ற கட்சி, ரூபாய்க்கு ஒரு படி என்ற கட்சியின் தோளில் ஏறி சட்டசபைக்குள் 20 பேரை இறக்கியது. தி.மு.க.வுக்குத் தனியாகவே மெஜாரிட்டி கிடைத்துவிட்டதால், ஏணியாக இருந்தவர் ஏணியாகவே சாத்திவைக்கப்பட்டார்.

டெல்லியில் வேறு கூத்து. ராஜாக்களுக்கு வருஷாவருஷம் சர்க்கார் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்த இந்திரா காந்தி கிளம்பினார். சர்க்கார் செலவைக் குறை, ஜனங்களின் வரிப்பணத்தைத் தொடாதே என்று பத்து வருஷமாக முழங்கிய கட்சி, இந்தப் பணத்தைக் குறைக்காதே என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தது. கொடுத்த வாக்கு, எழுதிய ஒப்பந்தம் என்று வாதம் பலமாகத்தான் இருந்தது. சுப்ரீம் கோர்ட்டில் ராஜாக்கள் ஜெயிக்கவும் செய்தார்கள். 1971ல் அரசியல் சட்டத்தையே திருத்தி இந்திரா கதையை முடித்தார். அந்த வருஷத் தேர்தலில் சுதந்திராவுக்குக் கிடைத்தது 8 இடம். ராம்கட் ராஜாவோ தன் ஆட்களோடு எப்போதோ காங்கிரசுக்குப் பறந்துவிட்டிருந்தார்.

1971 ஜூலையில் கருணாநிதி அரசு மதுவிலக்கை எடுக்கப் போகிறது என்று தெரிந்ததும், கொட்டுகிற மழையில் ராஜாஜி கோபாலபுரம் வீட்டுப் படியேறினார் என்று இன்றைக்கும் மேடைக்கு மேடை சொல்வார்கள். வயது 92. கெஞ்சிக் கேட்டார். ஆட்சி அதிகாரத்துக்கு எதிராகக் கட்சி கட்டிய மனிதர், ஆட்சி அதிகாரத்தைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று வாசலில் போய் நின்றார். அவர் அளவில் அதில் முரண்பாடே கிடையாது. வயல் விவசாயியினுடையது, கோப்பை பிசாசினுடையது. பிசாசுக்கு எதற்கு சுதந்திரம்? கருணாநிதி மரியாதையாக உட்காரவைத்துப் பேசி அனுப்பினார். ஆகஸ்ட் கடைசியில் கடைகள் திறந்தன. சர்க்காருக்கு வருமானம் முக்கியம். தர்மமும் தத்துவமும் பட்ஜெட்டில் வராது.

1972 டிசம்பரில் ராஜாஜி காலமானார். மிச்சமிருந்த கட்சி பிலு மோடியிடம் வந்தது. கட்டிடக் கலைஞர், கனத்த சரீரம், அதைவிடக் கனத்த சிரிப்பு. எதிர்க்கட்சிக்காரனெல்லாம் அமெரிக்க உளவாளி என்று இந்திரா சொன்னபோது, நான் சி.ஐ.ஏ. ஏஜெண்டு என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பார்லிமெண்டுக்கு வந்தவர். 1974ல் கட்சியைக் கொண்டுபோய் சரண் சிங்கோடு கரைத்தார். சரண் சிங் யாரென்றால், நாகபுரித் தீர்மானத்தைக் காங்கிரசுக்கு உள்ளேயே நின்று எதிர்த்தவர். வயல் விஷயத்தில் பத்துப் பொருத்தமும் உண்டு. ஆனால் ஆரிய சமாஜி, பெரிய ஆலை என்றாலே ஆகாது.

அங்கிருந்து எல்லோருமாக 1977ல் ஜனதாவுக்குள் போனார்கள். பிரதமர் மொரார்ஜி தேசாய். நிதி மந்திரி எச். எம். பட்டேல், குஜராத்தில் சுதந்திராக் கட்சியை வளர்த்தவர். கடைசியில் கஜானா சாவி நம்மாள் கையில் வந்ததே என்று பழைய பம்பாய் நண்பர்கள் நிமிர்ந்து உட்காரும்போது, நான்கு வருஷத்தில் நாடு முழுக்க மதுவிலக்கு என்று மொரார்ஜி அறிவித்தார். தொழில் மந்திரி ஜார்ஜ் பெர்னாண்டஸ் விதியை இறுக்கியதில் கோகோ கோலாவும் மூட்டை கட்டியது. விருந்தாளி வந்தால் இனி கோலி சோடாதான்.