வைர ஊசியும் மெழுகு உருளையும்

கேள்வி: எடிசன் காலத்து உருளை இசைப்பதிவுகளைச் சேகரிக்க ஆசை. எந்த ஃபோனோகிராஃப் கிடைத்தாலும் அதில் போட்டுக் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் உருளை மெழுகாகவும் ஊசி வைரமாகவும் இருந்தால், அதுவே அந்தப் பாட்டின் கடைசிக் கச்சேரி!

எடிசன் 1877இல் முதலில் ஒலியைப் பதித்தது வெள்ளீயத் தகட்டில். பிறகு வந்த மெழுகு உருளையில் அங்குலத்துக்கு 100 வரிப்பள்ளங்கள். நிமிடத்துக்கு 160 சுற்று. இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். 1908இல் வந்த ஆம்பரால் உருளையில் பள்ளங்கள் 200 ஆயின, பாட்டும் நான்கு நிமிடமானது. அதற்கு வேறு ஊசி, வேறு பற்சக்கரம் வேண்டும். 1912இல் வந்த நீல ஆம்பரால் செல்லுலாய்டால் ஆனது. அது வைர ஊசியைத் தாங்கும்; மெழுகையோ அதே ஊசி உழுதுவிடும். ஆகவே இயந்திரம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பளபளக்கும் ஒலிக்குழலை அல்ல, ஊசியையும் பற்சக்கரத்தையும்தான்.

நீல உருளைக்கும் ஒரு நோய் உண்டு. உள்ளே இருக்கும் பிளாஸ்டர் ஈரத்தில் உப்பிவிடும். உருளை இயந்திரத்தின் தண்டில் ஏறாது. வலுக்கட்டாயமாக அழுத்தவே கூடாது.

மெழுகின் மேற்பரப்பைக் கையால் தொடக் கூடாது. இரண்டு விரல்களை உள்ளே விட்டு, விரித்துப் பிடிக்க வேண்டும். குளிர்ந்த மெழுகு கைச்சூட்டிலேயே விரிசல் விடும். பூஞ்சை பிடித்தால் அரித்த இடத்து ஒலி போனது போனதுதான்.

எடிசன் நிறுவனம் 1929இல் உருளைத் தயாரிப்பை நிறுத்தியது. சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் 10,000க்கும் மேற்பட்ட உருளைகளை எண்மமாக்கி இலவசமாகக் கேட்கத் தருகிறது. பணத்தை எடுக்குமுன் அங்கே சில பாடல்களைக் கேளுங்கள்.