ஒடிச்ச கையோட வந்துட்டீகளா மாப்ள?

வாங்க மாப்ள, உக்காருங்க. நீங்க வர்றதுக்கு முன்னாலயே எம்மக போன்ல எல்லாத்தையும் சொல்லிப்புட்டா. கையில அது என்ன, நட்டா? உள்ளாற ஸ்டட்டோட ஒடசலும் இருக்குதே! பரவாயில்ல, மாமனார் வீட்டுக்கு மருமகன் வெறுங்கையோட வரலைன்னு ஊருக்குள்ள சொல்லிக்கலாம்.

மாருதி 800-ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டு போயிருச்சு, மெக்கானிக்குக்கு எதுக்குக் காசு, நானே மாத்திப்புடுவேன்னு சொன்னீகளாம். நல்ல வைராக்கியம். நட்டு அசையலைன்ன ஒடனே மோட்டார் ரூம்புல கெடந்த மூணடிக் கொழாய எடுத்து, ஸ்பேனர் வாலுல சொருகி ஏறி நின்னீகளாமே? அது 8 மில்லி ஸ்டட்டு. அத முறுக்க 25 நியூட்டன் மீட்டர் இருந்தாத் தாராளம். கணக்கு புரியலையா? ஓரடி ஸ்பேனர் நுனியில எட்டரைக் கிலோ அரிசிப் பையத் தொங்கவிட்டாப் போதும். நீங்க மூணடிக் கொழாயில 75 கிலோ மருமகனத் தொங்கவிட்டிருக்கீக. ஒடியாம நின்னிருந்தாத்தேன் அதிசயம்.

ஸ்டட்டுக்கு உங்க மேல என்ன வன்மம்? காரு ஓடுறப்பல்லாம் அந்த எடம் கொதிக்குது, நிப்பாட்டுனா ஆறுது. நடுவுல மழத்தண்ணி. துருவாப் போன இரும்பு முந்தி இருந்ததவிட எடத்தக் கூடுதலா அடைக்கும். மரைக்குள்ள ஏது எடம்? இறுகிப் பிடிச்சுக்கிரும். மொத நாள் ராத்திரியே துரு இளக்குற எண்ணெய அடிச்சு விட்டுப்புட்டுத் தூங்கியிருக்கலாம். நீங்க தூங்க வேண்டிய நாளாப் பாத்துத் தூங்க மாட்டீக.

இப்ப அடுத்த யோசன என்ன, ஈசி அவுட்டா? சபாஷ். ஸ்டட்டுல ஓட்ட போட்டு, அத உள்ள திணிச்சு, இடது பக்கமாத் திருகணும். முழு ஸ்டட்டா இருந்தப்ப, நீங்க ஏறி மிதிச்சே வரல. நடுவுல குடைஞ்ச பொறவு, அதவிட ஒல்லியான ஒரு திருகு கம்பிக்குப் பயந்து வந்துருமாக்கும்? ஈசி அவுட்டு பதம் போட்ட கெட்டி இரும்பு. வளையாது, படக்குன்னு ஒடியும். ஒடஞ்சா சாதா ட்ரில் பிட்டு அது மேல ஏறவே ஏறாது. அப்பறம் ஓட்டைக்குள்ள ரெண்டு ஒடசலு, வீட்டுக்குள்ள ஒண்ணு.

கேக்க மாட்டீக, இருந்தாலும் சொல்றேன். ஸ்டட்டு எந்த மட்டத்துல ஒடஞ்சு நிக்குது? இஞ்சின் ஹெட்டுக்கு மேல நகம் தட்டுற அளவு நீட்டிக்கிட்டிருந்தா யோகம். வெல்டிங்காரரக் கூப்புடுங்க. ஒடஞ்ச மொட்டு மேல ஒரு நட்ட வச்சு, நட்டு ஓட்டை வழியா உள்ளாற வெல்டிங்க ரொப்பச் சொல்லுங்க. ஹெட்டு அலுமினியம், இரும்பு வெல்டிங் அதுல ஒட்டாது. நட்டும் ஸ்டட்டும் ஒண்ணாயிரும், அந்தச் சூட்டுலயே துருவோட பிடியும் தளரும். (பேட்டரி வயர முதல்ல கழட்டுங்க. உங்க வண்டி எம்பிஎஃப்ஐ, உள்ள கம்ப்யூட்டரு இருக்கு. அதையும் பொசுக்கிப்புட்டு இங்க வந்து நிக்காதீக.) செவப்பு மங்குற வரைக்கும் பொறுங்க. சூடு இருக்கையிலயே மெழுகுவத்திய மரை ஓரத்துல காட்டுனா, உருகித் தானா உள்ள ஊர்ந்து போகும். பொறவு ஸ்பேனரப் போட்டு, கழட்ற பக்கம் ரவ்வூண்டு, முறுக்குற பக்கம் ரவ்வூண்டு. படுத்துக்கிட்ட சண்டிமாட்ட எழுப்புற கணக்கா அசச்சு அசச்சுத்தேன் கெளப்பணும். கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். அதக் கேட்ட சந்தோசத்துல ஒரே இழுப்பா இழுத்துராதீக. வெல்டிங் பிச்சுக்கிட்டாலும் பாதகமில்ல, இன்னொரு நட்ட வைக்கச் சொல்லுங்க. வெல்டிங்காரர் சிரிப்பாரு, சிரிச்சுட்டுப் போறாரு.

கேஸ் வச்சு ஹெட்டச் சூடாக்கலாம்னு யூடியூப்புல பாத்திருப்பீக. நெசந்தேன், சூட்டுல அலுமினியம் இரும்பவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், ஓட்டை அகலும். ஆனா இரும்பு செவந்து மெரட்டும். அலுமினியம் அப்படிச் செவந்து காட்டாது, 660 டிகிரியில சொல்லாமக் கொள்ளாம உருகிரும். ஹெட்டு வார்க்குற கலப்பு அலுமினியம் அதுக்கும் முன்னாலயே போயிரும்.

ஹெட்டு மட்டத்துக்கே ஒடஞ்சிருந்து, நட்டு வைக்கவும் தோது இல்லைன்னா மட்டும் ட்ரில்ல எடுங்க. எக்ஸாஸ்ட் வாயில துணிய அடைச்சுப்புட்டு, நட்டநடுவுல சென்டர் பஞ்ச் அடிங்க. நடு தப்புனா பிட்டு மெதுவா இருக்குற அலுமினியத்துப் பக்கம் ஓடிரும். இடது பக்கம் சுத்துற பிட்டு கெடச்சா ரொம்ப நல்லது, பாதிக் குடையிலயே ஸ்டட்டு பிட்டோட சேந்து சுத்தி வெளிய வந்தாலும் வரும். வரலைன்னா 6.8 மில்லி வரைக்கும் குடைஞ்சு, மிச்சத்த மரை வெட்டுற டாப்பு விட்டு வழிச்சு எடுக்கணும். மரை போயிருச்சுன்னா, புது மரையாப் பதிக்கிற ஹெலிகாயில் கம்பிச்சுருளு இருக்கு.

என்ன, தலைய ஆட்டுறீக? ஈசி அவுட்டுதேனா? சரி, வாங்கிக்கங்க, கடைவீதியிலயே கெடைக்கும். அது உள்ள ஒடஞ்சா ஹெட்டயே கழட்டிக் கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போங்க. ஸ்பார்க் எரோஷன்னு மின்பொறியில அரிக்கிற பட்டறை அங்க இருக்கு. எம்புட்டுக் கெட்டி இரும்பையும் தொடாமலே பொடிப்பொடியா அரிச்சு எடுத்துப்புடுவாக. கெளம்புறதுக்கு மொத நாளே எனக்கு ஒரு போனப் போடுங்க. வரும்போது அரைக் கிலோ மைசூர்பா வாங்கிட்டு வாங்க, நெய்யில செஞ்சதா. எனக்குச் சர்க்கரை இருக்குன்னு எம்மக சொல்லுவா, அதெல்லாம் காதுல போட்டுக்காதீக.