‘லி’ படுத்தும் பாடு

கார்டிஃப்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முருகேசன் எழுதுவது. இங்கு நான் நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே கோடை வந்துவிட்டதாக டி.வி.யில் சொன்னார்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கல்பனா ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள், பெயரடை எது, வினையடை எது என்று குழம்புகிறாள், இங்கிலீஷ்காரன் ஊரில் இருக்கிற நீ விளக்கி எழுது என்று போனில் சொன்னீர்கள். சர்வீஸ் முழுக்க ரென் அண்ட் மார்ட்டினை வைத்துப் பாடம் நடத்திய உங்களுக்கு நான் இலக்கணம் எழுதுவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற வேலை. இன்னொரு விஷயம்: நான் இருப்பது இங்கிலாந்து இல்லை, வேல்ஸ். ‘இங்கிலீஷ்காரன் ஊர்’ என்று ரக்பி மேட்ச் நடக்கிற நாளில் இங்கே யாராவது சொன்னால் அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

தெருவில் இறங்கினாலே பாடம் ஆரம்பமாகிவிடும். வளைவு வருகிற இடங்களில் ரோட்டின் மேலேயே வெள்ளைப் பெயின்டில் வெல்ஷ் மொழியில் ‘ஆரவ்’ என்றும் ஆங்கிலத்தில் ‘ஸ்லோ’ என்றும் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். போவது வினை, எப்படிப் போவது என்று சொன்னால் ‘ஸ்லோலி’ என்று ‘லி’ போட வேண்டும் என்றுதானே எங்களைப் பெஞ்சு மேல் ஏற்றிச் சொல்லிக்கொடுத்தீர்கள்? இங்கே சர்க்காரே அந்த ‘லி’யை விழுங்கியிருக்கிறது. பெயின்ட் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் ஸ்லோ, ஹார்ட், ஃபாஸ்ட் மாதிரிச் சொற்கள் வினையடையாக வரும்போது கடைசியில் ஒரு ‘எ’ ஒலி ஒட்டியிருந்தது. நாளாக ஆக அந்த ‘எ’ தேய்ந்து மறைந்தது. பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே உருவம் ஆகிவிட்டது. ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் நிலா மெதுவாகத் தேய்கிறது என்று சொல்ல வந்த ஷேக்ஸ்பியரும் ‘ஸ்லோ’ என்றுதான் எழுதினார். 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் 20 மைல் வேகம்தான். ஆகவே ‘லி’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாரும் ஊர்ந்துதான் போகிறார்கள்.

சரி, ‘லி’யைப் பார்த்தால் வினையடை என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் நடக்காது. அந்தக் காலத்தில் பெயரடைக்கு ‘லீச்’ என்று ஒரு விகுதி, வினையடைக்கு ‘லீச்செ’ என்று ஒரு விகுதி. இரண்டும் தேய்ந்து ஒரே ‘லி’யில் வந்து நின்றன. அதனால்தான் ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’ இரண்டும் ‘லி’யில் முடிந்தும் பெயரடையாக இருக்கின்றன. ‘வீக்லி’ இன்னும் மோசம். ‘வீக்லி மேகஸின்’ என்றால் பெயரடை, ‘வீக்லி வருகிறது’ என்றால் வினையடை, ‘குமுதம் ஒரு வீக்லி’ என்றால் பெயர்ச்சொல். சித்தி அதைப் படித்து முடித்துப் பரணில் போடுவதற்குள் மூன்று வேஷம்!

இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பியவர்களில் ஒருவர் ராபர்ட் லௌத் பாதிரியார். பெயரடையை வினையடையாகப் பயன்படுத்துவது முறையல்ல என்று 1762இல் வெளிவந்த தம் இலக்கணப் புத்தகத்தில் எழுதினார். பெரிய எழுத்தாளர்களிடமிருந்தே பிழைகளை எடுத்துக் காட்டவும் அவர் தயங்கவில்லை. 1766இல் இதே வேல்ஸில் செயின்ட் டேவிட்ஸ் பிஷப்பாகச் சில மாதம் இருந்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கும் பிறகு லண்டனுக்கும் போனார். போகும்போது இலக்கணத்தையும் பெட்டியில் வைத்து எடுத்துப்போய்விட்டார் போல.

சந்தேகம் இருந்தால் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். பேரன் கொச்சையாக ஏதாவது பேசினால் ‘டாக் டைடி!’ என்று அதட்டுவார். ஒழுங்காகப் பேசு என்று அர்த்தம். உங்கள் கணக்குப்படி ‘டைடிலி’ வர வேண்டும். ஒழுங்காகப் பேசு என்பதையே ஒழுங்கில்லாமல் சொல்வது தெற்கு வேல்ஸுக்கே உரிய அழகு. கால்பந்து ரசிகர்கள் ஒரு படி மேலே போய், பையன் நன்றாக ஆடிவிட்டால் ‘த பாய் டன் குட்’ என்கிறார்கள். நீங்கள் கேட்டிருந்தால் சிவப்பு மை தீர்ந்திருக்கும்.

என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் மொழியில் டாக்டர் நல்லவர் என்பதற்கும் ‘கூட்’, டாக்டர் நன்றாகப் பார்த்தார் என்பதற்கும் ‘கூட்’. அதனால் அவர் எதற்கும் ‘லி’ போட மாட்டார். நம் ஆட்கள் எதற்கும் விடாமல் போடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் இன்டர்வியூவில், கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஹார்ட்லி வொர்க்’ என்றானாம். நான் வேலை செய்வதே அபூர்வம் என்று ஆகிவிட்டது. அதிகாரி அவன் நேர்மையைப் பாராட்டினார். வேலை மட்டும் கொடுக்கவில்லை. ‘லேட்’டும் ‘லேட்லி’யும் அப்படித்தான். முன்னது தாமதம், பின்னது சமீப காலமாக.

கல்பனாவுக்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. ‘ஆன’ வந்தால் பெயரடை, ‘ஆக’ வந்தால் வினையடை. அழகான பாட்டு, அழகாகப் பாடினாள். முன்னதற்கு ‘பியூட்டிஃபுல்’, பின்னதற்கு ‘பியூட்டிஃபுலி’. பெரும்பாலான இடங்களில் இது போதும். இது கவிழ்கிற இடம் ‘இரு’ என்கிற வினை. ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்பதில் நாம் ‘ஆக’ போடுகிறோம். ஆங்கிலத்திலோ அங்கே ‘பியூட்டிஃபுல்’ என்ற பெயரடைதான் வரும். லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் என்ற வினைகளும் இதே ஜாதி. ஒரு பொருள் என்ன செய்கிறது என்று சொல்லாமல் அது எப்படிப்பட்டது என்று சொல்லும்போது இவற்றுக்குப் பெயரடைதான் வேண்டும். அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் நின்றால் பெயரடை.

சித்தி வைக்கிற ரசம் ‘டேஸ்ட்ஸ் குட்’. ‘டேஸ்ட்ஸ் வெல்’ என்றால் ரசத்துக்கு நாக்கு முளைத்து, அது நம்மைச் சுவை பார்க்கிறது என்று அர்த்தம். தெருநாய் ‘ஸ்மெல்ஸ் பேட்’ என்றால் குளிப்பாட்டிவிட வேண்டும். ‘ஸ்மெல்ஸ் பேட்லி’ என்றால் அதற்கு மோப்பம் சரியில்லை, மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ‘வெல்’ மட்டும் உடல்நலத்தைச் சொல்லும்போது பெயரடையாகிவிடும். ‘ஐ ஆம் வெல்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆக, கல்பனாவிடம் இப்படிச் சொல்லுங்கள். வார்த்தையின் வாலில் ‘லி’ இருக்கிறதா என்று தேட வேண்டாம். அது ஆளைப் பற்றிப் பேசுகிறதா, ஆள் செய்கிற காரியத்தைப் பற்றிப் பேசுகிறதா என்று பார்க்கட்டும். வெள்ளைக்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று யூடியூபில் கேட்டு அதைப் பரீட்சைத் தாளில் எழுத வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு யாரும் மார்க் போடுவதில்லை, இவளுக்குப் போடுவார்கள். பரீட்சை முடிகிற வரை ‘ஸ்லோலி’ என்றே எழுதட்டும். பாஸாகி இங்கே வந்த பிறகு எல்லாரையும் போல ‘ஸ்லோ’ என்று பேசிக்கொள்ளலாம்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
முருகேசன்